எழுதாமல் விட்டது

கோதுமை என்று மருத்துவர் சொன்னபோது றொசாந்திக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நாலு வருடமாகத் தன்னை வாட்டி எடுத்த நோய்க்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். காலையில் எழும்பும்போதே களைப்பு. சீப்பில் கொத்தாக வரும் முடி. எதைச் சாப்பிட்டாலும் ஊதிக்கொள்ளும் வயிறு. இரத்தம் குறைவு என்று கொடுத்த இரும்புக் குளிசைகளைப் போத்தல் போத்தலாக விழுங்கியும் இரத்தம் ஏறவில்லை. முப்பத்தொரு வயதில் நாற்பத்தொரு கிலோ இருந்தாள். இதற்கிடையில் இரண்டு தடவை கர்ப்பமாகி, இரண்டும் மூன்று மாதம் தாண்டாமல் கலைந்துபோயின.

இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிச் சோதித்தார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். கடைசியில் மருத்துவர் ஒரு தாளில் குடலின் படத்தைக் கீறிக் காட்டினார். கோதுமையில் இருக்கும் ஒரு புரதத்தை அவளுடைய உடம்பு எதிரியாக எடுத்துக்கொள்கிறது, அதோடு சண்டை பிடிக்கிறேன் என்று தன் குடலின் சுவரையே புண்ணாக்கிவிடுகிறது, அதனால் சாப்பிடுகிற எதன் சத்தும் உள்ளே போவதில்லை என்றார். சீலியாக் என்று பெயர் சொன்னார். பிள்ளைகள் தங்காமல் போனதற்கும் இது ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்றார்.

"இதுக்கு மருந்து இல்லை. கோதுமையை வாழ்நாள் முழுக்க விடவேணும். ஒரு தூள் கூடப் படக்கூடாது. குடல் தானாய் ஆறும்."

வெளியே வந்து மர வாங்கில் இருந்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த கணவன் டினேஸ் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான்.

"கான்சர் எண்டு சொல்லிப்போடுவாரோ எண்டு பயந்துகொண்டிருந்தனான் றோசி. கோதுமைப் பாண்தானே. விடுவம்."

டினேஸ் குருநகர்க் கடலில் நண்டு வலை போடுகிறவன். கடற்கரை வீதிக்கு ஒரு தெரு தள்ளி அவர்களுடைய வீடு. வீட்டில் அவர்கள் இரண்டு பேரும் டினேஸின் தாய் லூர்த்தம்மாவும் மட்டும்தான். றொசாந்தி கத்தோலிக்கக் கோயிலின் பங்கு முன்பள்ளியில் ஆசிரியை.

மருத்துவர் அவளைக் குணலட்சுமி என்ற உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். உடுப்பிட்டியில் இருந்து கிழமையில் இரண்டு நாள் பஸ் ஏறி அந்தக் கிளினிக்குக்கு வருகிறவர். நெற்றியில் திருநீறும் கையில் ஒரு பெரிய சாப்பாட்டுப் பெட்டியுமாக இருந்தார். எதையும் அவசரப்படாமல் கதைத்தார்.

"இதைப் பத்தியம் எண்டு நினையாதேங்கோ. பத்தியம் எண்டால் எப்ப முடியும் எண்டு நாள் எண்ணுவியள். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி. ஒராளுக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. இன்னொராளுக்கு ஒரு கோப்பை சோறு சாப்பிட்ட உடனை சீனி ஏறும், அதே சோறு பக்கத்திலை இருக்கிறவருக்கு ஒண்டும் செய்யாது. உங்கடை உடம்புக்குக் கோதுமை சரிவராது. மற்ற எல்லாம் உங்களுக்கு இருக்கு. அரிசி, குரக்கன், ஒடியல் மா, மீன், முட்டை, மரக்கறி. உங்கடை ஊர்க் கூழிலை கோதுமை இருக்கோ?"

"இல்லை மிஸ்."

"பிறகென்ன."

சொல்வதற்கு இலகுவாக இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கோதுமை இல்லாத மூலை இல்லை. காலையில் இடியப்பத்துக்கு அவித்த கோதுமை மாவை அரிசி மாவோடு கலப்பார்கள். புட்டுக்கும் அப்படித்தான். பின்னேரம் ஐந்து மணிக்குப் பாட்டுப் போட்டபடி பேக்கரியின் பாண் ஓட்டோ தெருவுக்குள் வரும். ரோல்ஸ், பற்றீஸ், பிஸ்கற், நூடில்ஸ், எல்லாம் அந்த மாதான். மாப் படிந்த பாத்திரமும் ஆகாது என்று குணலட்சுமி சொல்லியிருந்தார்.

மாமி இதற்கு என்ன சொல்வாரோ என்று றொசாந்தி தயங்கினாள். லூர்த்தம்மா கோயிலில் மரியாயின் சேனை என்ற பக்திச் சபையில் பொறுப்பில் இருக்கிறவர், ஐம்பத்தெட்டு வயது, ஒன்றைப் பிழை என்று நினைத்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ஆள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போனார். புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியை எடுத்துத் தட்டிப் பார்த்தார். ஓலை மடிப்புகளுக்குள் இருந்து வெள்ளையாகத் தூள் கொட்டியது.

"இது கழுவிச் சரிவராது. புதிசு வேணும். இடியப்ப உரலும் புதிசு வேணும். மாவரிக்கிற அரிதட்டும்," என்றார்.

அடுத்த நாளே சந்தைக்குப் போய் மூன்றையும் வாங்கி வந்து, சிவப்பு நூல் கட்டி, றொசாந்தியுடையது என்று தனியே ஒரு தட்டில் வைத்தார். ஒரு மாதத்துக்குள் அந்த வீட்டில் கோதுமை மாவே இல்லாமல் போனது. இரண்டு விதமாகச் சமைக்கத் தனக்கு நேரமில்லை என்று லூர்த்தம்மா காரணம் சொன்னார். டினேஸ் மட்டும் கரைக்கு வந்ததும் துறைமுகத் தேத்தண்ணிக் கடையில் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, வாயை நாலு தரம் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஒரு நாள் சட்டைப் பையில் பாண் துணிக்கை கிடந்து பிடிபட்டான்.

"நீங்கள் வீட்டிலையே சாப்பிடலாமே, நான் ஒண்டும் நினைக்க மாட்டன்," என்றாள் றொசாந்தி.

"உனக்கு ஆசை வரும் எண்டுதான்."

"வருந்தான். ஆனால் ஒளிச்சுச் சாப்பிடுறதைப் பாக்க இன்னும் ஆசை வருது."

ஆறு மாதம் இப்படிப் போனது. வயிற்று ஊதல் பாதியாகக் குறைந்தது. ஆனால் களைப்புப் போகவில்லை, எடை இரண்டு கிலோதான் கூடியது. மறுபடி இரத்தம் சோதித்தபோது, குடலில் சண்டை இன்னும் நடக்கிறது என்று காட்டும் அந்த எண் கொஞ்சமே இறங்கியிருந்தது.

குணலட்சுமி அவளைக் குறை சொல்லவில்லை. மேசை லாச்சியில் இருந்து ஒரு புதுக் கொப்பியை எடுத்துக் கொடுத்தார். "ரண்டு கிழமைக்கு, வாய்க்குள்ளை போற எல்லாத்தையும் எழுதுங்கோ. தண்ணி தொடங்கி. கையாலை தொடுற மாவையும் எழுதுங்கோ. வெக்கப்பட வேண்டாம், ஒண்டையும் விடவும் வேண்டாம்."

றொசாந்தி எழுதினாள். குழந்தைகளுக்குப் படிப்பிக்கிறவள் என்பதால் கோடு போட்டு, நேரம் போட்டு, ஒழுங்காக எழுதினாள். காலை ஆறே முக்கால், பால் விடாத தேத்தண்ணி. ஏழரை, அரிசி மாப் புட்டு, மீன் குழம்பு. பத்து மணி, வாழைப்பழம். மத்தியானம் சோறு, பருப்பு, முருங்கையிலை வறை, இரசம். இரும்புக் குளிசையின் பெயரையும் பற்பசையின் பெயரையும் கூட எழுதினாள்.

குணலட்சுமி கொப்பியை வரிவரியாகப் பார்த்தார். இரசத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"பெருங்காயம் கட்டியாய் வாங்குறனீங்களோ?"

"ஓம் மிஸ்."

"அதைக் கட்டியாக்கக் கோதுமை மா கலக்கிறவை. விட்டிடுங்கோ. இது என்ன, முன்பள்ளியிலை மா உருண்டை?"

"பிள்ளையளுக்கு விளையாட, கோதுமை மாவும் உப்பும் குழைச்சு நிறம் போட்டுக் குடுப்பம். நான்தான் குழைக்கிறனான்."

"நகத்துக்குள்ளை நிக்கும். களிமண்ணுக்கு மாத்துங்கோ."

இரண்டையும் மாற்றினாள். களிமண்ணால் முன்பள்ளிப் பிள்ளைகளின் சட்டைகள் நாசமாகித் தாய்மார் கொஞ்ச நாள் முறுமுறுத்தார்கள். மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது எண் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் இறங்க வேண்டிய இடத்துக்கு வரவில்லை.

குணலட்சுமி கொப்பியை மறுபடி வாங்கி முதலில் இருந்து கடைசி வரை புரட்டினார். "நீங்கள் ஒழுங்காய்த்தான் சாப்பிடுறியள். எனக்கு அதிலை சந்தேகம் இல்லை. ஆனால் ஏதோ ஒண்டு போகுது. சின்ன அளவுதான், ஆனால் ஒவ்வொரு நாளும் போகுது. எனக்குப் பிடிபடேல்லை. நீங்களும் யோசிச்சுப் பாருங்கோ."

அடுத்த நாள் காலை ஐந்தரைப் பூசைக்கு றொசாந்தி வழமைபோலப் போனாள். இரண்டாவது பிள்ளையும் கலைந்த பிறகு, ஒரு பிள்ளை வேண்டும் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டு, இரண்டு வருடமாக அவள் ஒரு நாள் பூசையும் தவறவிட்டதில்லை. வரிசையில் போனாள். பங்குத்தந்தை லியோன் அடிகளார், "கிறிஸ்துவின் திருவுடல்," என்றார். "ஆமென்," என்று சொல்லி நாக்கை நீட்டி நன்மை வாங்கினாள். திரும்பித் தன் இடத்துக்கு வந்து முழந்தாளில் இருந்தாள். கடதாசி போல மெல்லிய அந்த வட்ட அப்பம் மேல்வாயில் ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கரைந்தது.

அப்போதுதான் அவளுக்கு அது தெரிந்தது.

அவள் அதை விழுங்கினாள். வேறு என்ன செய்வது. பூசை முடியும்வரை தலையைக் குனிந்தபடியே இருந்தாள். அந்தக் கொப்பியில் பற்பசையைக் கூட எழுதியவள் இதை ஒரு நாளும் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று எழுதாமல் விடவில்லை. அதைச் சாப்பாடு என்று அவள் நினைத்ததே இல்லை.

முன்பள்ளி இடைவேளையில் குணலட்சுமிக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"மிஸ், நாங்கள் கோயிலிலை நன்மை எடுக்கிறனாங்கள். சின்ன வட்டம். ஒரு ரூபாக் குத்திக் காசளவு வரும். கோதுமையும் தண்ணியும் மட்டுந்தான். அது கணக்கிலை வருமோ?"

குணலட்சுமி, "ஒவ்வொரு நாளுமோ?" என்று கேட்டார்.

"ஓம். ரண்டு வருசமாய்."

"கணக்கிலை வரும், றொசாந்தி." அவருடைய குரல் தணிந்திருந்தது. "அது உங்களுக்கு எவ்வளவு பெரிசு எண்டு எனக்கு விளங்குது. நான் உங்கடை சமயமும் இல்லை. அதை விடுங்கோ எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை. ஆனால் உங்கடை குடலுக்கு அது கோதுமைதான். நான் ஒரு கடிதம் எழுதித் தாறன். உங்கடை சுவாமியாரிட்டைக் குடுத்துக் கதையுங்கோ. ஏதும் வழி இருக்கும்."

கடிதம் வந்தது. றொசாந்தி அதைக் கைப்பைக்குள் வைத்தாள். லியோன் அடிகளாரிடம் கொடுக்க மனம் வரவில்லை. என்னவென்று போய்ச் சொல்வது? ஆண்டவரின் உடல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றா? அதைவிட ஆழத்தில் இன்னொரு நினைப்பு இருந்தது. பிள்ளை கேட்டுக்கொண்டுதான் அவள் ஒவ்வொரு விடியலும் அந்த வரிசையில் நின்றாள். அந்த நினைப்பை முழுதாக நினைத்து முடிக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

பூசைக்குப் போவதை நிறுத்தவில்லை. நன்மை கொடுக்கும் நேரம் மட்டும் எழும்பாமல் இருந்தாள். மற்றவர்கள் அவளுடைய முழங்கால்களைக் கடந்து போய் வந்தார்கள். வேலை நாட்களில் அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை, கோயில் நிறைந்த சனத்துக்குள், கவனித்தார்கள். ஒரு ஞாயிறு போய் இரண்டாவது ஞாயிறும் அவள் எழும்பாமல் இருந்தபோது, பின்வரிசை வாங்கில் இருந்த கத்தரீனா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கத்தரீனா அதே தெருவில் கருவாடு போடுகிறவர். பூசை முடிந்ததும் வாசலில் லூர்த்தம்மாவைப் பிடித்தார்.

"மருமோள் ஏன் நன்மை எடுக்கேல்லை? பாவசங்கீர்த்தனத்திலை சுவாமியாரிட்டைச் சொல்லேலாத பாவம் ஏதுமோ?"

லூர்த்தம்மா நேரே வீட்டுக்கு வந்தார். றொசாந்தி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். லூர்த்தம்மா சீலையும் மாற்றாமல் குசினி வாசலில் வந்து நின்றார்.

"என்னெண்டு எனக்குச் சொல்லு. ஊர் என்னைக் கேக்கிறதுக்கு முதல் நீ சொல்லியிருக்க வேணும்."

றொசாந்தி கையைக் கழுவிவிட்டு, கைப்பையில் இருந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். லூர்த்தம்மா அதைத் தூரப் பிடித்து வாசித்தார். மறுபடி முதலில் இருந்து வாசித்தார்.

"இது என்ன கதை? அது மா இல்லை, பிள்ளை. அது ஆண்டவர்."

"எனக்கும் தெரியும் மாமி. என்ரை குடலுக்குத்தான் அது தெரியேல்லை."

"ஆண்டவர் வந்து நோயைத் தருவாரோ?"

"அவர் தரேல்லை. அப்பத்தைக் கோதுமையிலைதான் சுடுகினம்."

லூர்த்தம்மா கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அன்றும் அடுத்த மூன்று நாளும் அவர் மருமகளோடு கதைக்கவில்லை. ஆனால் காலையில் சிவப்பு நூல் கட்டிய நீத்துப்பெட்டியில் அரிசி மாப் புட்டு அவிந்துகொண்டுதான் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டியும் கட்டி வைக்கப்பட்டிருந்தது. டினேஸ் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்து, கடலில் நண்டு எப்படி என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் பின்னேரம் றொசாந்தி உடுப்பை மாற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் ஃபாதரிட்டைப் போட்டு வாறன் மாமி."

"நில். நானும் வாறன்," என்றார் லூர்த்தம்மா. அவர் ஏற்கெனவே சீலை கட்டி, செபமாலையைக் கையில் சுற்றித் தயாராக இருந்தார்.

லியோன் அடிகளாருக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். கோயிலோடு ஒட்டிய தன் அறைமனையின் விறாந்தையில் இளைஞர் கழகத்துப் பந்துகளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். கதிரைகளை இழுத்துப் போட்டார். கடிதத்தை வாசித்து முடித்ததும் பந்தைக் கீழே வைத்தார்.

"எவ்வளவு நாளாய் இது தெரியும்?"

"மூண்டு கிழமையாய், ஃபாதர்."

"மூண்டு கிழமையும் நீங்கள் தனிய வைச்சு யோசிச்சியளோ? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. இதுக்கு வழி இருக்கு. குருமடத்திலை எங்களுக்குச் சொல்லித் தந்தவை. ஆனால் ஒருத்தரும் என்னட்டை வந்து கேக்கேல்லை, நானும் மறந்துபோனன்."

அப்பம் கோதுமையில்தான் இருக்க வேண்டும், அது திருச்சபையின் சட்டம், அரிசி மாவில் சுட முடியாது என்று அவர் விளக்கினார். புரதத்தைப் பெரும்பாலும் எடுத்துவிட்ட அப்பம் வெளிநாடுகளில் உண்டு, அது இங்கே கிடைப்பது கஷ்டம். ஆனால் இப்படியான நோய் உள்ளவர்கள் ஆயருடைய அனுமதியோடு கிண்ணத்தில் இருந்து திராட்சை இரசத்தை மட்டும் எடுக்கலாம்.

"நான் குடிக்கிற கிண்ணத்திலை அப்பத்தின்ரை ஒரு துண்டைப் போடுறது வழக்கம். அதாலை உங்களுக்கு வேறை சின்னக் கிண்ணம் வைப்பம். ஒருத்தரும் தொடாதது."

லூர்த்தம்மா முன்னுக்குச் சாய்ந்தார். "அப்ப அது அரை நன்மையோ, சுவாமி?"

"இல்லை அம்மா. ஒரு துளி எண்டாலும் முழு ஆண்டவர். அப்பத்திலை மட்டும் எடுக்கிற நீங்கள் அரைவாசியோ எடுக்கிறியள்?"

லூர்த்தம்மா அதை யோசித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

றொசாந்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஃபாதர், நான் பிள்ளைக்காகத்தான் ஒவ்வொரு நாளும் வந்து எடுத்தனான். அதுதான் என்னைச் சுகப்பட விடாமல் வைச்சிருந்திருக்கு. இதை நான் எப்பிடி விளங்கிக்கொள்ளுறது?"

அடிகளார் கடிதத்தை மடித்துக் கதிரைக் கையில் வைத்தார். வீதியில் ஒரு மீன் லொறி பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டது.

"எனக்குத் தெரியேல்லை, றொசாந்தி. தெரியும் எண்டு சொன்னால் பொய் சொல்லுறன் எண்டுதான் கருத்து. நீங்கள் செய்தது பிழை இல்லை. அது ஒண்டுதான் எனக்கு நிச்சயமாய்த் தெரியும்."

றொசாந்தியின் கண் நிறைந்துவிட்டது. லூர்த்தம்மா அவள் பக்கம் திரும்பினார்.

"இஞ்சை பார். நீ நாள் தவறாமல் நன்மை எடுக்கத் தொடங்கினது ரண்டாவதும் கலைஞ்ச பிறகெல்லே? அதுக்கு முதல் காலமையும் பாண், பின்னேரமும் பாண், நான்தான் தீத்தினனான். பிள்ளையள் போனது அதாலை எண்டால், பழி என்ரை குசினிக்கு வரட்டும். கோயிலிலை கொண்டுபோய் ஏன் போடுறாய்?"

"நீங்கள் தெரியாமல்தானே மாமி குடுத்தியள்."

"நீயும் தெரியாமல்தானே எடுத்தனீ."

வீட்டுக்கு நடந்து வரும்போது லூர்த்தம்மா வழியெல்லாம் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார். றொசாந்தி பதில் செபம் சொன்னாள்.

ஆயர் இல்லத்தில் இருந்து அனுமதி வர இரண்டு கிழமை எடுத்தது. வந்ததும் அடிகளார் கூப்பிட்டு, ஞாயிறு பூசைக்கு முன் தான் சனத்துக்கு விளக்கம் சொல்லட்டுமா, அல்லது பேசாமல் தொடங்கிவிடலாமா என்று கேட்டார். பேசாமல் தொடங்குவோம் என்றுதான் றொசாந்திக்கு முதலில் வாயில் வந்தது. வாசலில் கத்தரீனா கேட்ட கேள்வியை நினைத்தாள்.

"நானே சொல்லுறன் ஃபாதர்," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை தொடங்க முன்பு, ஒலிவாங்கிக்கு முன்னால் போய் நின்றாள். முப்பது குழந்தைகளை ஒரே குரலில் இருத்தி எழுப்புகிறவள் ஒலிவாங்கியின் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முன்வரிசையில் டினேஸ் சுத்தமாகச் சவரம் செய்துகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு உடம்பிலை ஒரு வருத்தம் இருக்கு. கோதுமை துளியும் ஆகாது. பாண் ஆகாது, பிஸ்கற் ஆகாது. அதே காரணத்தாலை அப்பமாய் நன்மை எடுக்கவும் ஏலாது. ஆயர் ஆண்டகையின்ரை அனுமதியோடை நான் இண்டையிலிருந்து கிண்ணத்திலை எடுக்கப் போறன். வேறை ஒரு காரணமும் இல்லை. கேக்க விருப்பமெண்டால் என்னட்டையே கேளுங்கோ, மாமியைக் கேட்டுக் கரைச்சல் குடுக்காதேங்கோ."

இடையில் எங்கோ ஒரு சிறு சிரிப்பு எழுந்து அடங்கியது. நன்மை நேரம் வந்தபோது அவள் வரிசையின் கடைசியில் நின்றாள். அடிகளார் பீடத்தில் இருந்து சின்னக் கிண்ணத்தை எடுத்து வந்தார். "கிறிஸ்துவின் திரு இரத்தம்," என்றார். "ஆமென்," என்றாள். புளிப்பும் இனிப்புமான ஒரு மிடறு தொண்டையைச் சுட்டுக்கொண்டு இறங்கியது. திரும்பி நடந்தபோது, மாமி தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டு ஒதுங்கி இருப்பதைக் கண்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அந்தத் தெருவில் கோதுமைக்கு நல்ல காலம் இருக்கவில்லை. ஒருவர் தன் மூட்டு வலி பாணால்தான் என்றார். இன்னொருவர் தன் தலைச்சுற்று றொட்டியால் என்றார். கந்தப்பு என்ற கிழவர் மகனின் கோபத்துக்கும் அதுதான் காரணமோ என்று றொசாந்தியை மறித்துக் கேட்டார். லூர்த்தம்மாவும் தன்னுடைய முழங்கால் வலி கோதுமையை விட்ட பிறகு குறைந்துவிட்டது என்று சொல்லித் திரிந்தார். குணலட்சுமியிடம் அதைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"உங்கடை மாமி பாணை விட்டு நாலு கிலோ குறைஞ்சிருப்பா. முழங்காலுக்குப் பாரம் குறைஞ்சிருக்கும். அவவுக்குக் கோதுமை ஒண்டும் செய்யாது. ஒராளின்ரை சாப்பாட்டுத் தாளை மற்றாள் வாங்கிக்கொண்டு போகேலாது எண்டு சொல்லுங்கோ."

வேலை நாட்களில் றொசாந்தி பூசைக்குப் போய், நன்மை எடுக்காமல் செபித்துவிட்டு வருவாள். ஞாயிறு ஒரு நாள் கிண்ணத்தில் எடுத்தால் தனக்குப் போதும் என்று அடிகளாரிடம் சொல்லிவிட்டாள். நாலு மாதம் கழித்து இரத்தம் சோதித்தபோது அந்த எண் வர வேண்டிய இடத்துக்கு வந்திருந்தது. இரத்தம் ஏறியிருந்தது. நாற்பத்தெட்டு கிலோ. மருத்துவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இன்னும் மூன்று மாதம் இப்படியே போகட்டும், பிறகு பிள்ளையைப் பற்றி யோசிக்கலாம் என்றார்.

வெளியே வந்து டினேஸிடம் சொன்னாள். அவன் மோட்டார் சைக்கிளை உதைக்கப் போனவன் காலை இறக்கினான்.

"யோசிக்கலாம் எண்டோ சொன்னவர்?"

"ஓம். யோசிக்கலாம் எண்டு."

"நான் எப்பவோ யோசிச்சு முடிச்சிட்டன்," என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழி நெடுக அவனுடைய முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் கிழமை ஒரு பின்னேரம் கத்தரீனா படலையைத் தட்டினார். பக்கத்தில் அவருடைய மகள் நிரோஜினி. பன்னிரண்டு வயது, ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் உயரம். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கத்தரீனா உள்ளே வந்து இருக்காமல் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் அண்டைக்குக் கோயில் வாசலிலை ஒண்டு கேட்டனான். அது உனக்குத் தெரியும் எண்டும் எனக்குத் தெரியும்."

"இருங்கோ அக்கா," என்றாள் றொசாந்தி.

"இவளுக்கு எப்பவும் வயித்துக்குத்து. வயித்துப் பூச்சிக்கு மருந்து குடுத்துக் குடுத்துக் களைச்சுப் போனன். வளர்த்தியும் இல்லை. நீ மேடையிலை சொன்னதுக்குப் பிறகு எனக்கு ஒரே யோசினை. போன கிழமையோடை பாணை நிப்பாட்டிப்போட்டன்."

"நிப்பாட்டாதேங்கோ அக்கா."

கத்தரீனா திகைத்தார். "ஆகாது எண்டுதானே நீ சொன்னனீ?"

"எனக்கு ஆகாது. இவவுக்கு ஆகுமோ ஆகாதோ எண்டு இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது. கோதுமையை விட்டிட்டுப் போய் இரத்தம் சோதிச்சால் ஒண்டும் காட்டாது. பரிசோதனை முடியுமட்டும் வழமைபோலக் குடுங்கோ. அது வேறை வருத்தமாயும் இருக்கலாம், ஒண்டும் இல்லாமலும் போகலாம்."

அவள் உள்ளே போய் ஒரு தாள் எடுத்து, குணலட்சுமி வரும் இரண்டு நாட்களையும் தொலைபேசி இலக்கத்தையும் மருத்துவரின் பெயரையும் எழுதினாள். தானும் கூட வருவதாகச் சொன்னாள். கத்தரீனா தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்தார்.

"அப்ப இண்டைக்குப் பாண் குடுக்கலாமோ?"

"குடுங்கோ."

நிரோஜினி றொசாந்தியை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கும் அதுதான் எண்டால், ரீச்சர், பேர்த்டேக்குக் கேக் சாப்பிடேலாதோ?"

"அரிசி மாவிலை செய்யலாம்."

"நல்லாயிருக்குமோ?"

றொசாந்தி யோசித்தாள்.

"முதல் தரம் நல்லாயிராது. உதிரும். ரண்டாந்தரம் முட்டை ஒண்டு கூடப் போட்டால் கொஞ்சம் பரவாயில்லை," என்றாள்.

பிள்ளை அதை ஏற்றுக்கொண்டமாதிரித் தலையை ஆட்டினாள். தெருமுனையில் பாண் ஓட்டோவின் பாட்டுக் கேட்டது. கத்தரீனா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, அது போய்விடும் முன் பிடிக்க வேண்டும் என்று வேகமாக நடந்தார்.